அடுத்த வீட்டுப் பிள்ளை



திருப்பிறப்புத் திருநாளுக்குக் குடில் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஞானோபதேச வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘நள்ளிரவில் பெத்லெகேம்’ என்றும், அதன் கீழே சிவப்பு மையில் ‘திகில் தொடர்’ என்றும் எழுதியிருந்தது. திருக்குடும்பம் எஜிப்து தேசத்துக்கு ஓடிப்போன வரலாற்றைத்தான் பிள்ளையாண்டான் பதினொரு அதிகாரங்களாக எழுதியிருந்தான். வேலை செய்துகொண்டே கேட்கலாமே என்று அவனையே உரக்கப் படிக்கச் சொன்னோம்.

படித்தான். கதை நன்றாகவே இருந்தது, முகத்துதிக்காகச் சொல்லவில்லை. அமாவாசை இருட்டு. கழுதையின் குளம்புச் சத்தம் கேட்காதபடி சூசையப்பர் அதன் கால்களில் கந்தைத் துணி சுற்றுகிறார். ஏரோதின் ஒற்றன் ஒருவன் சத்திரத்துத் திண்ணையில் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறான். மலையிடுக்கில் கள்ளர், பாலைவனத்தில் புழுதிக்காற்று, பாலன் அழுதால் எல்லாம் முடிந்தது என்ற இடத்தில் பாலன் அழ வாயெடுக்கிறான், அதிகாரம் முடிகிறது! குடிலுக்கு முளைப்பாரி விதைத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் கையில் நெல்லை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். கடைசி அதிகாரத்தில், துரத்திவந்த படைத்தலைவன் குதிரையோடு பள்ளத்தாக்கில் உருண்டு விழ, திருக்குடும்பம் எல்லையைக் கடக்கிறது. சுபம்.

எல்லாரும் கைதட்டினார்கள். காவாங்கரை முகாமிலிருந்து வந்து கோவில் வேலைக்கு எப்போதும் உதவும் வயதான அம்மாள் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டார்: “அப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன நடந்தது, தம்பி?”

பையன் விழித்தான். “அது இந்தக் கதையிலே வராது, ஆச்சி,” என்றான்.

அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்களுக்கு முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சில்லறை விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். வேதாகமத்து வரலாற்றைத் திகில் கதையாக்கலாமா, அது தேவ நிந்தையாகாதா என்று பெரியவர்கள் இரண்டொருவர் அன்றே முணுமுணுத்தார்கள். ஆகாது என்பது என் எண்ணம். அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எஜிப்து பிரயாணம் முழுவதும் மூன்றே வசனங்களில், பதின்மூன்று முதல் பதினைந்து வரைக்கும், முடிந்துபோகிறது. சம்மனசு கனவில் எச்சரிக்கிறார். சூசையப்பர் இராத்திரியிலேயே எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். ஏரோது சாகும்வரை அங்கே இருக்கிறார். வழியைப்பற்றி ஒரு சொல் இல்லை. சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. இவ்வளவு பெரிய மௌனத்தைக் கண்டால் மனித மனம் சும்மா இராது. அதை நிரப்பப் பார்க்கும்.

நிரப்பியும் இருக்கிறது. திருச்சபை வேதாகமத்தில் சேர்த்துக்கொள்ளாத பழைய பால சரித்திர நூல்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றில், குகையிலிருந்து பறவை நாகங்கள் புறப்பட்டு வருகின்றன. சிங்கமும் சிறுத்தையும் வழிகாட்டிப் போகின்றன. பேரீச்ச மரம் வளைந்து தேவதாய்க்குப் பழம் கொடுக்கிறது. அரபு மொழியில் உள்ள மற்றொன்றில், இரண்டு கள்ளர் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் மற்றவனுக்கு நாற்பது வெள்ளிக் காசும் தன் இடைக்கச்சையும் ஈடாகக் கொடுத்து, ‘இவர்களைப் போகவிடு’ என்கிறான். பிற்பாடு கல்வாரியில் நம் ஆண்டவரின் இரு பக்கமும் சிலுவையில் தொங்கியவர்கள் இவர்களே என்று அந்த நூல் முடிச்சுப்போடுகிறது. நம் பையன் எழுதிய கள்ளருக்கு வயது ஆயிரத்துக்கும் மேல் என்று சொன்னால் அவனே நம்பமாட்டான்.

நம் தமிழில் இந்தக் காரியத்தை எவரும் மிஞ்ச முடியாதபடி செய்தவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியிலே பிறந்து, 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்து, தமிழிலே தோய்ந்துபோன அந்தச் சேசுசபைக் குரவர், 1726-ல் தேம்பாவணியைப் பாடி முடித்தார். 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. பாட்டுடைத் தலைவர் வேறு யாருமல்ல. சுவிசேஷத்தில் ஒரு வார்த்தை பேசாத சூசையப்பர்தான். அவருக்கு ‘வளன்’ என்று அழகான தமிழ்ப் பெயரும் வைத்தார். மத்தேயு மூன்று வசனத்தில் முடித்த பிரயாணத்தை முனிவர் படலம் படலமாக விரித்தார். நாட்டை விட்டு நீங்குவதற்கு ஒரு படலம், பாலை புகுவதற்கு ஒரு படலம், நடுவிலே சோசுவன் முதலானோரின் போர்க்கதைகள் என்று எஜிப்து போகும் வழி ஒரு பெருங்காவியமாகவே நீண்டுவிட்டது. ஆகவே, வேதாகமத்துக்குள் கற்பனையைப் புகுத்தியவன் என்று நம் பையனைக் கடிந்துகொள்வதானால், முதலில் ஏலாக்குறிச்சிக்குப் போய் முனிவரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

அதோடு, இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் குடில்கள் கொஞ்சம் அளவுக்கு மீறி இனிமையாகிவிட்டன. பஞ்சுப் பனி, வண்ண விளக்கு, சிரித்த முகமாய் மூன்று இராஜாக்கள்! அந்த இரவு எத்தனை பயங்கரமானது என்பது எங்கே தெரிகிறது? ஏரோது யார்? யூத சரித்திராசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார்: தன் சொந்த மனைவி மரியம்னேயைக் கொன்றவன்; தன் பிள்ளைகளில் இருவரைக் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 7-ம் ஆண்டில் கொல்வித்தவன்; மூன்றாவது மகனைத் தான் சாவதற்குச் சில நாள் முன்னே கொல்வித்தவன். தான் செத்தால் ஊரில் ஒருவரும் அழமாட்டார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஆகையால் நாட்டுப் பிரமுகர்களை எரிக்கோ நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் அடைத்துவைத்து, தன் உயிர் போகும் நேரத்தில் அவர்களையும் வெட்டிவிட வேண்டும், அப்போதாவது நாடெங்கும் அழுகைக் குரல் கேட்கட்டும் என்று கட்டளையிட்டானாம். நல்ல வேளையாக அவன் செத்தபின் அந்தக் கட்டளையை யாரும் நிறைவேற்றவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரோ ஆரணி குப்புசாமி முதலியாரோ தங்கள் நாவலில் இப்படியொரு துஷ்டனைப் படைத்திருந்தால் ‘மிகை’ என்று சொல்லியிருப்போம். பையனுடைய கதையைக் கேட்டபோதுதான், சூசையப்பருக்கு அன்று கை நடுங்கியிருக்கும் என்பது எனக்கு முதல் தடவையாக உறைத்தது. அந்த மட்டில் திகில் கதை எனக்கு உபகாரமே செய்தது.

அப்படியானால் ஆச்சியின் கேள்வி எங்கே வந்து குத்துகிறது?

சாகசக் கதைக்கு ஒரு சுபாவம் உண்டு. அது கதாநாயகன் முதுகுக்குப் பின்னாலேயே ஓடும். அவன் தப்பினால் நாமும் தப்பினோம். அவன் எல்லையைக் கடந்தால் புத்தகத்தை மூடி நிம்மதியாய்ப் படுக்கிறோம். அவன் விட்டுவந்த ஊர் என்னவாயிற்று என்று பார்க்கக் கதைக்கு நேரமில்லை. திரும்பிப் பார்த்தால் ஓட்டத்தின் வேகம் குறைந்துவிடும். படைத்தலைவன் பள்ளத்தாக்கில் விழுந்தான் என்று எழுதினால், தீமைக்கே முடிவு வந்துவிட்டதுபோல் ஒரு திருப்தியும் உண்டாகிவிடுகிறது.

சுவிசேஷகர் அப்படிச் செய்யவில்லை. திருக்குடும்பத்தை எஜிப்தில் பத்திரமாகச் சேர்த்த மறு வசனத்திலேயே, அர்ச். மத்தேயு பெத்லெகேமுக்குத் திரும்பி வந்துவிடுகிறார். இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளெல்லாம் வெட்டப்பட்டதைச் சொல்கிறார். சொல்லிவிட்டு எரேமியாஸ் தீர்க்கதரிசியின் வாக்கை நினைக்கிறார்: ராமா ஊரிலே இராக்கேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், தேற்றரவு வேண்டாம் என்கிறாள். கவனியுங்கள்: அந்தத் தாயை யாரும் தேற்றுவதாக மத்தேயு எழுதவில்லை. ‘நம் பாலன் தப்பித்துவிட்டாரே, ஆகவே எல்லாம் நன்மைக்கே’ என்றும் எழுதவில்லை. அழுகையை அழுகையாகவே விட்டுவிடுகிறார்.

எத்தனை குழந்தைகள்? சுவிசேஷத்தில் கணக்கில்லை. கீழைத் திருச்சபையின் வழிபாட்டு மரபு 14,000 என்கிறது. பெத்லெகேம் அந்நாளில் மிகச் சிற்றூரானபடியால், ஏறக்குறைய இருபதுக்குள் இருக்கலாம் என்று விவிலிய அறிஞர் பலர் சொல்கிறார்கள். இருபது என்றவுடன் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு நம் தெருவை நினைத்துப் பார்த்தேன். நம் தெருவில் இருபது தொட்டில்!

வீரமாமுனிவரும் இதை விட்டுவிடவில்லை. தேம்பாவணியிலே ‘குழவிகள் வதைப் படலம்’ என்றே ஒரு படலம் தனியாக உண்டு. அவர் பாலைவனத்தை வெறும் மணற்காடாக மட்டும் எடுத்துக்கொண்டவரல்ல. தமிழின் பாலைத் திணையை நன்கு கற்றவர். பாலைக்கு உரிய பொருள் பிரிவு என்று நம் முன்னோர் வகுத்தார்கள். ஆறலை கள்வரும் வெந்த மணலும் அதில் உண்டு, சாகசத்துக்குக் குறைவில்லை. ஆனால் வழிப்போன இளையரைப் பாடிய அதே புலவர்கள், மகள் போய்விட்ட வீட்டு முற்றத்தில் நின்று புலம்பும் நற்றாயையும் செவிலித்தாயையும் பாடினார்கள். போனவளுக்கு ஒரு பாட்டென்றால் நின்றவளுக்கும் ஒரு பாட்டு. ஓட்டக் கதையில் வீட்டில் நின்றவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது நம் மொழிக்குப் புதிதல்ல.

மேல்நாட்டிலே இந்தக் கேள்வியைக் கதைக்குள் கொண்டுவந்தவர், ஆச்சரியம் என்னவென்றால், இரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றி நாவல் எழுதிப் பெயர்பெற்ற ஓர் அமெரிக்க மாது. ஆன் ரைஸ் என்பது அவர் பெயர், 2021-ல் காலமானார். 2005-ல் அவர் வெளியிட்ட நாவலில், ஏழு வயதுச் சேசு எஜிப்திலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். தாம் பிறந்த ஊரைப்பற்றிப் பேச்செடுத்தாலே பெரியவர்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. தம்மைத் தேடி வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைக் கொன்றார்கள் என்பதைக் கடைசியில்தான் அறிகிறார். நாவலின் மற்றக் கற்பனைகளில் சில எனக்கு ஒவ்வாதவை. அந்த அம்மையாருக்கும் திருச்சபைக்கும் பிற்பாடு மனத்தாங்கல் ஏற்பட்டு விலகியும் போனார். ஆனாலும் இருட்டின் ஆழம் எங்கே இருக்கிறதென்று பேய்க்கதை எழுதிய கைக்குத் தெரிந்திருந்தது: துரத்தும் குதிரையில் அல்ல, தப்பிய பிள்ளையின் மனத்தில்.

இனி, தவிர்க்க முடியாத கேள்விக்கு வருவோம். சம்மனசு ஏன் ஒரு வீட்டில் மட்டும் எச்சரித்தார்? சூசையப்பர் ஏன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை?

இரண்டாம் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லலாம். சம்மனசு சொன்னது, ஏரோது இந்தப் பிள்ளையைத் தேடப்போகிறான் என்பது மட்டுமே. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வெட்டப்போகிறான் என்று சொன்னதாகச் சுவிசேஷத்தில் இல்லை. சூசையப்பருக்குத் தெரியாது என்றே நாம் கொள்ள வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் போகிற மனிதரல்ல அவர். ஆனால் பிறகு தெரிந்திருக்குமே! எஜிப்திலே, அதிலும் அலெக்ஸாந்திரியா நகரத்திலே, யூதர்கள் பெருந்தொகையாய்க் குடியிருந்தார்கள்; வியாபாரிகளும் யாத்திரிகரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட செய்தி நடந்தே வந்தாலும் வந்துசேரும். அதைக் கேட்ட அன்று இராத்திரி அவர் மரியாளிடம் என்ன சொல்லியிருப்பார்? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் எப்படி உறங்கியிருப்பார்? ஏரோது செத்தபின் திரும்பி வந்தவர், யூதேயாவிலே அவன் மகன் ஆர்க்கெலாயு ஆளுகிறானென்று பயந்து கலிலேயாவுக்கு ஒதுங்கிப்போனார் என்று மத்தேயு காரணம் சொல்கிறார். காரணம் அதுவே. ஆனால் பெத்லெகேம் தெருவில் நடந்து அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கால் வந்திராது என்று ஒரு நாவலாசிரியர் எழுதினால், அவரை நான் குறைசொல்லமாட்டேன்.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கம்சனுக்குப் பயந்து இருட்டில் ஆற்றைக் கடந்து பிள்ளையைக் கொண்டுபோன வரலாற்றை நம் அயல்வீட்டு இந்து சகோதரர்கள் சொல்வார்கள். அதிலும் முன்னே பிறந்த பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். மோயீசன் தப்பினார், நைல் நதியில் எறியப்பட்ட மற்ற எபிரேயக் குழந்தைகள் தப்பவில்லை. ‘தேவ சித்தம்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். முடிக்கிறவர்களும் உண்டு. பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தொண்டையைவிட்டு எப்படி வெளிவருகிறதென்று. திருச்சபை இந்தக் கேள்விக்கு விளக்கம் எழுதுவதைவிட முக்கியமாக ஒன்று செய்தது. பேசத் தெரியாத, விசுவாசம் என்னவென்றே அறியாத அந்தக் குழந்தைகளை வேதசாட்சிகளின் வரிசையில் வைத்து, திருப்பிறப்பு முடிந்த மூன்றாம் நாளே, டிசம்பர் 28-ந் தேதியே, அவர்களுக்குத் திருநாள் ஏற்படுத்தியது. குடிலின் விளக்கு அணையுமுன்பே அவர்களை நினைத்தாக வேண்டும்.

இன்னும் ஒன்று. அன்றிரவு தப்பிய பாலன் என்றைக்குமாகத் தப்பிவிடவில்லை. முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து, ஜெத்சமனித் தோட்டத்தில் மறுபடி இருட்டு, மறுபடி பந்தமும் வாளும். அப்போதும் ஓடியிருக்கலாம். ஒலிவ மலைக்கு அப்பால் யூதேயாவின் பாலைவனம் தொடங்குகிறது. அவர் ஓடவில்லை. தம்மோடிருந்தவர்களைப் போகவிடும்படி கேட்டுவிட்டுத் தாம் நின்றார். இது பெத்லெகேம் தாய்மாருக்குப் பதிலாகுமா என்று கேட்டால், ஆகும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இதையெல்லாம் நான் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க, இந்தப் புழலிலேயே இதைப் புத்தகத்தில் படிக்க அவசியமில்லாதவர்கள் இருக்கிறார்கள். 1983 ஜூலைக்குப் பிறகும், 1990-ல் மறுபடி யுத்தம் மூண்டபோதும், இலங்கையிலிருந்து தமிழர்கள் தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து இரவில் படகேறினார்கள். தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். கண்ணுக்கெட்டிய தூரம்; ஆனாலும் கடல். சிலரைப் படகுக்காரர்கள் நடுக்கடல் மணல் திட்டிலே இறக்கிவிட்டுப் போனார்கள். மண்டபம் முகாமிலே பெயர் பதிந்து, அங்கிருந்து ஊர் ஊராய் அனுப்பப்பட்டார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு இந்த முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான். 12-ம் பத்திநாதர் 1952-ல் அகதிகளைப்பற்றி வெளியிட்ட ஆவணத்திலே, எஜிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று காட்டினார். நாம் அதைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். அந்தக் குடும்பம் ஞாயிறுதோறும் நமக்கு அடுத்த வரிசையில் முழந்தாளிட்டிருக்கிறது.

அன்று மாலை ஆச்சி தன் கேள்விக்குப் பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. முளைப்பாரித் தட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல், “எங்கட வள்ளத்தில இடம் இருந்தது. பின்னால வந்த சனத்துக்கு இருக்கேல்ல,” என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பையன் நோட்டை வாங்கிக்கொண்டு போனான். மறுவாரம் வந்து, படைத்தலைவன் பள்ளத்தாக்கில் விழும் இடத்தை அடித்துவிட்டதாகச் சொன்னான். அவன் விழுவதால் பெத்லெகேமில் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லையாம். பன்னிரண்டாவது அதிகாரம் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. கழுதை புறப்பட்டுப்போன தெருவில், அடுத்த வீட்டில், விடியற்காலையில் அது தொடங்குகிறது. டிசம்பர் 28-ந் தேதி பூசைக்குப் பின் குடிலருகே படிக்கலாம் என்று சுவாமியாரும் சம்மதித்திருக்கிறார்.

சென்ற ஞாயிறு, “எழுதியாயிற்றா?” என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வேண்டும், ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன் என்றான்.